கதவுக்குப் பின்னால் திறந்த பாட்டில்கள்

சொகுசுக் கப்பல்களின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒயின் பரிமாற இப்போது தனி ஆள் கிடையாது. சாப்பாடு கொண்டுவரும் வெயிட்டரே கையில் ஒரு டேப்லெட் வைத்திருக்கிறார். விருந்தாளி சொல்வதை அதில் விரலால் தொடுகிறார். உள்ளே யாரோ பாட்டிலைத் திறந்து வைக்கிறார்கள். வெயிட்டர் எடுத்துவந்து ஊற்றுகிறார். அவ்வளவுதான் வேலை.

இந்த மாற்றம் வந்தபோது நான் அந்தக் கூடத்தில் ஒயின் ஸ்டூவர்டாக இருந்தேன். மாற்றம் வந்ததற்கு நானும் ஒரு காரணம். எங்கள் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் கப்பலுக்குப் போகிறார்கள். விடுமுறையில் வரும்போது என்னிடம் கேட்கிறார்கள்: "மூடி தொறக்கறதுக்கு எட்டுப் பேரு இருந்தீங்களாமே, நெஜமாண்ணே?" நிஜம்தான். அந்த எட்டுப் பேர் என்ன செய்தோம், பிறகு என்ன ஆனோம் என்பதை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. அந்தக் காலம் உயர்ந்தது என்று சொல்வதற்காக எழுதவில்லை. கால் வீங்கிப் படுத்த நாட்கள்தான் அதில் அதிகம்.

நான் பாகூர் பக்கத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். யாரும் நிறுத்தவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது என் உடம்புக்கு ஆகாது. கரும்பு வெட்டினேன், செங்கல் சூளையில் இருந்தேன், பிறகு மதகடிப்பட்டில் ஒரு பாரில் சப்ளையராகச் சேர்ந்தேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து குடிப்பவர்களுக்கு நடத்திய பார் அது. மூன்று வருடம் அதன் பின்னறையில் படுத்தேன். பழைய சாக்குதான் படுக்கை. மழைக்காலத்தில் அது காயவே காயாது. அங்கிருந்து வெங்காய லாரியில் ஏறி மகாராஷ்டிரா போனேன். மும்பை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். அங்கேயும் சாக்கின் மேல்தான் படுக்கை. பிறகு கோவாவில் ஒரு ஹோட்டல். பாத்திரம் கழுவுவதில் தொடங்கி மேசை துடைப்பதற்கு உயர்ந்தேன். ஒரு ஏஜென்ட் கப்பலில் ஏற்றிவிட்டார்.

முதல் இரண்டு ஒப்பந்தமும் கீழ்த்தளத்தில் பெட்டி தூக்கினேன். ஒரு நாள் கப்பல் கடுமையாக ஆடியது. ஆறு கோப்பை வைத்த தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு படியேறினேன். ஒன்றும் சிந்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பினார். கறுப்புக் கோட்டு கொடுத்தார்கள். என் பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான்.

கூடத்தில் ஒயின் ஸ்டூவர்டுகளுக்குத் தலைவராக இருந்தவர் அருளப்பன். வில்லியனூர்க்காரர். என்னைவிட நான்கு வயது சின்னவர். கப்பலில் தமிழ் பேசும் மேலதிகாரி கிடைத்தால் கொஞ்சம் சலுகை கிடைக்கும் என்று நினைப்போம் இல்லையா? அருளப்பனிடம் அது நடக்காது. கூடத்துக்குள் அவர் யாரையும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார், எண்தான். நான் நம்பர் ஆறு. "நம்பர் ஆறு, உங்க ஏப்ரன்ல மடிப்பு கீது" என்பார், குரலை உயர்த்தாமல். விருந்தாளிகள் அதைக் கேட்டாலும் ஏதோ வாழ்த்துச் சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்து கீழ்த்தளத்துக்கு இறங்கியதும் நான் ஏழுமலை அண்ணன் ஆகிவிடுவேன். "இன்னாண்ணே, மீனு இன்னிக்கும் ரப்பர்தானா?" என்று என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பார். மேலே நடந்த தவறைக் கீழே மற்றவர்கள் முன்னால் சொல்லமாட்டார். கீழே அடித்த அரட்டையை மேலே கொண்டுவரவும் மாட்டார்.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். பாட்டிலைக் கொண்டுபோய், ஆர்டர் கொடுத்தவருக்கு லேபிள் தெரியும்படி காட்ட வேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் கத்தி எடுக்கலாம். பாட்டிலின் கழுத்தைச் சுற்றியுள்ள மெல்லிய தகட்டை வாய் விளிம்புக்குக் கீழே வெட்ட வேண்டும். மேலே வெட்டினால் ஊற்றும்போது ஒயின் தகட்டைத் தொட்டு வரும். திருகியைக் கார்க்கின் நடுவில் இறக்கி, சத்தமில்லாமல் இழுக்க வேண்டும். படக் என்று சத்தம் வந்தால் அருளப்பன் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். கார்க்கை ஒரு சின்னத் தட்டில் வைக்க வேண்டும். பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். இதுதான் முக்கியம். கார்க்கில் சில சமயம் ஒரு பூஞ்சணம் பிடித்துவிடும். அது ஒயினில் இறங்கினால் நனைந்த சாக்கு வாசனை அடிக்கும். உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் பழத்தின் ருசி செத்துப் போயிருக்கும். அந்தப் பாட்டிலை விருந்தாளிக்கு ஊற்றக்கூடாது, வேறு எடுத்துவர வேண்டும். நன்றாக இருந்தால் ஆர்டர் கொடுத்தவருக்கு ஒரு வாய் ஊற்றி, அவர் சரி என்ற பிறகு பெண்களுக்கு முதலில், பிறகு ஆண்களுக்கு, கடைசியில் அவருக்கு. மிச்சமிருந்தால் அறை எண் எழுதிய அட்டையைக் கழுத்தில் கட்டி வைத்து, மறுநாள் அவர் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இதில் எல்லாம் எனக்குக் கை பழகியது, முகர்வதைத் தவிர. முதல் மாதத்திலேயே ஒரு வாரத்தில் மூன்று பாட்டில்களை விருந்தாளிகள் திருப்பி அனுப்பினார்கள். மூன்றையும் நான்தான் முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று ஊற்றியிருந்தேன். மூன்றாவது பாட்டிலோடு அருளப்பன் பேன்ட்ரிக்கு வந்தார். பேன்ட்ரி என்பது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், ஆடும் கதவுக்குப் பின்னால் உள்ள அறை.

"நம்பர் ஆறு, இத நீங்க மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இன்னா தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருந்துது."

கார்க்கை என் மூக்கிடம் நீட்டினார். "இப்ப?"

"இப்பவும் ஒண்ணும் இல்லியே."

அந்த வழியாகத் தட்டு அடுக்கிக்கொண்டு போன பிலிப்பைன்ஸ்காரரிடம் நீட்டினார். அவர் முகத்தைச் சுளித்து, நனைந்த சாக்கு என்றார். ஒயின் வேலையே தெரியாதவர் அவர். கீழே இறங்கிய பிறகுதான் அருளப்பன் என்னிடம் கேட்டார்.

"அண்ணே, கப்பலுக்கு வர்றதுக்கு முன்னால நீ எங்க படுத்துகினு இருந்த?"

"சாக்குல."

"எத்தினி வருஷம்?"

"பன்னண்டு, பதிமூணு இருக்கும்."

"அதான். உன் படுக்கைய நீ எப்படி மோந்து கண்டுபுடிப்ப?" என்று சொல்லிவிட்டு, "மூணு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள வரலன்னா திரும்பப் பொட்டி தூக்கறதுதான்" என்றார். சிரிக்கவில்லை.

அது உண்மைதான். மற்றவர்களுக்கு அது கெட்ட வாசனை. எனக்கு அது வாசனையே இல்லை, வெறும் காற்று. மறுநாளிலிருந்து, திருப்பி அனுப்பப்பட்ட பாட்டில்களின் கார்க்குகளைச் சேர்க்கத் தொடங்கினேன். காலைச் சாப்பாட்டுக்கு வைக்கும் சின்ன ஜாம் குப்பிகளைக் கழுவி, ஐந்தில் கெட்ட கார்க்கும் ஐந்தில் நல்ல கார்க்கும் போட்டு மூடி வைத்தேன். வாசனைச் சோப்பை விட்டேன். தலைக்கு எண்ணெய் விட்டேன். காலையில் எழுந்ததும், பல்கூட விளக்காமல், கண்ணைக் கட்டிக்கொள்வேன். அறையில் கூட இருந்தவர் குப்பிகளைக் கலைத்து ஒவ்வொன்றாக நீட்டுவார். முதல் மாதம் பூவா தலையா போட்டுச் சொன்ன மாதிரிதான் வந்தது. ஆறாவது வாரத்தில் ஒரு குப்பியைத் திறந்ததும் மதகடிப்பட்டுப் பின்னறையின் சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அது கெட்ட கார்க். அன்றிலிருந்து பிடி கிடைத்தது. மூன்று மாதம் முடிவதற்குள் பத்துக்குப் பத்து சொன்னேன். இரண்டு வருடத்தில், கார்க் பாதி வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் வீடு இருக்கும் மடுகரையிலிருந்து என் மனைவி சரோஜா போனில் கேட்டாள்: "இன்னாங்க, பாட்டில மோந்து பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறான்?"

"ஆமாம்."

"இங்க கடைத்தெருவாண்ட வந்து பாக்கச் சொல்லு. சும்மாவே மோந்துகினு உழுந்து கெடக்கறானுங்க."

அப்படியே பல ஒப்பந்தங்கள் ஓடின. எனக்கு ஐம்பத்தொரு வயதானபோதுதான் அந்த ஆள் வந்தார். கம்பெனி அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மாதிரி மனிதர். எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்தார். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். விருந்தாளி ஆர்டர் கொடுத்ததிலிருந்து முதல் கோப்பையில் ஊற்றும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு மேசையாக நின்று குறித்தார். நான்கு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது அலுவலகத்தின் கணக்கு. நானும் அருளப்பனும் எங்களுக்குள் அவரை மணியக்காரர் என்று அழைத்தோம்.

ஒரு மத்தியானம், கரண்டி துடைக்கும் இடத்தில் அருளப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எட்டுப் பேர்ல மூணு பேர்தான் அடுத்த ஒப்பந்தத்துக்கு. மணியக்காரரு பேப்பர்ல நீ கடைசியில கீற."

"எவ்ளோ ஆவுது எனக்கு?"

"ஆறு நிமிஷத்துக்கு மேல."

"மோந்து பாக்கறத வுடச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. பேப்பர்ல இன்னா கீதோ அதச் சொன்னேன்."

"நீயா இருந்தா வுடுவியா?"

"என்னை ஏன் கேக்கற? அந்தப் பேப்பர்ல என் பேரே இல்ல." அவர் வேலையும் ஒரு பேப்பரில் போகப்போகிறது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அந்த வயதில் வேறு கம்பெனி எடுக்காது. இதை விட்டால் மடுகரைதான். அங்கே போய் ஒரே நாற்காலியில் உட்கார எனக்குத் தெரியாது. கூடத்தில் என் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் முகர்வதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மற்ற எல்லாவற்றிலும் நேரத்தைப் பிடித்தேன். இடுப்பில் இரண்டு திருகி செருகினேன். என் மேசைகளில் அதிகம் கேட்கும் ஒயின்களைக் கணித்து முன்கூட்டியே பக்கத்து அலமாரியில் வைத்தேன். கூடத்தில் வளைந்து போகும் வழியை விட்டு, பரிமாறும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து போகக் கற்றேன். ஆறு நிமிடத்துக்கு மேல் இருந்தது ஐந்துக்குப் பக்கத்தில் வந்தது. இன்னும் ஒரு நிமிடம் குறைய வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் என் மூக்கு.

அந்தப் பயணத்தில் நாற்பத்திரண்டாம் மேசையில் ஒரு இங்கிலாந்துக் குடும்பம். பத்துப் பேர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான ஒரு பெரியவர், அவர் மனைவி, மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள். திருமணமாகி ஐம்பது வருடம் ஆனதைக் கொண்டாட வந்திருந்தார்கள். பெரியவர் சொந்தமாக இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருந்தார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் மனைவியோடு பிரான்சுக்குப் போனபோது, அங்கே ஒரு தோட்டத்தில் இருவரும் குடித்துப் பார்த்து வாங்கியது. அவர்கள் போன வெளிநாட்டுப் பயணம் அது ஒன்றுதானாம். வீட்டில் படிக்கட்டுக்குக் கீழே படுக்கவைத்துப் பாதுகாத்திருக்கிறார். விருந்தாளி கொண்டுவரும் பாட்டிலையும் நாங்கள்தான் திறந்து பரிமாற வேண்டும்.

மாலை ஆறு மணிப் பந்தி. மணியக்காரர் எனக்கு இரண்டு மேசை தள்ளி நின்றார். மேசையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்கள். பழைய கார்க் திருகிக்குத் தாங்காது, உதிர்ந்துவிடும். அதற்கு இரண்டு மெல்லிய தகடு உள்ள ஒரு கருவி உண்டு. கார்க்கின் இரண்டு பக்கமும் தகடுகளை இறக்கி, ஆட்டி ஆட்டிச் சுழற்றி எடுக்க வேண்டும். பாதி வந்தபோதே தெரிந்துவிட்டது. கெட்ட கார்க்.

எங்கள் பாட்டிலாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப் போய் வேறு கொண்டுவந்திருப்பேன். இதற்கு வேறு எங்கே போவது? ஊற்றிவிட்டு நகர்ந்தால் நான்கு நிமிடத்துக்குள் முடியும். பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாமல்கூடப் போகலாம். ஆனால் மனைவிக்குக் கொடுக்கத்தான் அவர் இருபத்தாறு வருடம் வைத்திருந்தார். நான் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னேன்: "சார், இந்தப் பாட்டில் கெட்டிருக்கிறது. மன்னிக்க வேண்டும். இரண்டாவதைத் திறக்கட்டுமா?"

பெரியவரின் கழுத்து சிவந்தது. "இருபத்தாறு வருடம் என் வீட்டில் இருந்தது. உனக்கு என்ன தெரியும்? ஊற்று, பார்க்கலாம்" என்றார்.

ஒரு வாய் ஊற்றினேன். குடித்தார். முகம் மாறவில்லை. கோப்பையைக் கீழே வைத்த பிறகும் விரல்கள் அதன் தண்டை விடவில்லை. மருமகன்கள் அவரையே பார்த்தார்கள்.

"அருமையாக இருக்கிறது. எல்லாருக்கும் ஊற்று."

விருந்தாளி சொல்வதே முடிவு. அவர் மனைவிக்கு முதலில் ஊற்றினேன். அந்த அம்மாள் குடித்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சிரித்தார். மருமகன் ஒருவர் இப்படி ஒரு ஒயின் குடித்ததே இல்லை என்றார். நான் திரும்பியபோது மணியக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது நிமிடம்.

கீழே அருளப்பன் கேட்டார்: "சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"ஒத்துக்கினாரா?"

"இல்ல."

"ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"அப்புறம் எதுக்கு வாயத் தொறந்த? தெரிஞ்சதெல்லாம் சொல்லிகினு இருக்க நீ இன்னா ரேடியோவா?"

சொன்னதால் ஒன்றும் மாறவில்லை. என் பெயர் மட்டும் இன்னும் கீழே போனது.

மறுநாள் காலை, மேசை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தபோது பெரியவர் தனியாக வந்தார். கையில் ஒரு கம்பளிச் சட்டை, அதில் சுற்றிய இரண்டாவது பாட்டில். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்தது. மருமகன்கள் முன்னால் என்ன சொல்வது?" என்றார். பிறகு, "நாளைக்கு நானும் அவளும் மட்டும் ஒரு சின்ன மேசையில் சாப்பிடுகிறோம். நாங்கள் வருவதற்கு முன்னால் இதைத் திறந்து பார். நன்றாக இருந்தால் கொண்டுவா. கெட்டிருந்தால் கடலில் கொட்டு. கை தவறி உடைந்துவிட்டது என்று அவளிடம் சொல்லிவிடு, நான் உன்னைத் திட்டுகிற மாதிரித் திட்டுகிறேன்."

பழைய ஒயினில் அடியில் வண்டல் இருக்கும். பாட்டிலைப் பேன்ட்ரியின் மூலையில், ஆடாத இடத்தில், நிமிர்த்தி வைத்தேன். மறுநாள் மாலை ஐந்தரை மணிக்குத் தகட்டுக் கருவியை எடுத்தேன். கார்க் பாதியில் முறிந்தது. மிச்சத்தை எடுக்க இன்னும் நேரம் ஆனது. முகர்ந்தேன். நம்பாமல் இன்னொரு முறை முகர்ந்தேன். உலர்ந்த இலை வாசனையும், அதற்கு அடியில் கொஞ்சம் பழமும். சாக்கு இல்லை. கழுத்துக்குக் கீழே டார்ச் பிடித்து, வண்டல் கழுத்துக்கு வரும் வரை மெதுவாக ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றினேன்.

ஆறு மணிக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டிலையும் குடுவையையும் ஒன்றாகக் கொண்டுபோய் வைத்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அந்த அம்மாளுக்கு ஊற்றினேன். அவர் குடித்துவிட்டு, இன்னொரு வாய் குடித்தார். பிறகு கணவரிடம் சொன்னார்: "இதுதான் நாம் அங்கே குடித்தது. முந்தாநாள் திறந்த பாட்டிலில் நம் படிக்கட்டு அடியின் வாசனை அடித்தது. நீ வருத்தப்படுவாய் என்றுதான் நான் அதைச் சொல்லவில்லை."

பெரியவர் என்ன சொன்னார் என்று தெரியாது. அதற்கு மேல் அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்பது முறையில்லை.

அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதிக்கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். எழுதவில்லை. என் நிலை அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் மணியக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பேன்ட்ரிக்கே வந்துவிட்டார், முகமெல்லாம் மகிழ்ச்சி. அந்த மேசைக்கு ஐம்பது விநாடிதான் ஆனதாம். அந்தப் பயணத்திலேயே குறைந்த நேரம். எப்படிச் செய்தாய் என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. முன்னாலேயே இங்கே திறந்தேன், முகர்ந்து பார்த்தேன், நன்றாக இருந்ததால் கொண்டுபோனேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். முகர்வதன் அருமை ஒருவழியாக அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டது முன்னாலேயே இங்கே திறந்ததை மட்டும்தான்.

பயணம் முடிவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. இனிமேல் பாட்டில்கள் பேன்ட்ரியில் திறக்கப்படும். மேசைக்கு வெயிட்டரே கொண்டுபோவார். ஒயின் ஸ்டூவர்டு என்ற பதவி இல்லை. மூன்று பேர் மிஞ்சுவோம் என்ற பேச்சும் போனது. ஒயின் ஸ்டூவர்டுகளுக்குத் தலைவர் என்ற பதவியும் போனது. அருளப்பனை வெயிட்டர்களின் டேப்லெட்டுகளைக் கவனிக்கிற மேற்பார்வையாளராக மாற்றினார்கள்.

அவர் அன்று கீழே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தட்டில் கை வைக்கவில்லை. "ஒரு கெழவனும் கெழவியும் நல்லா குடிக்கணும்னு நீ ஒரு வேலை பண்ண. எட்டுப் பேருக்கும் கதவச் சாத்திட்ட" என்றார்.

"எனக்குத் தெரியாது அருளப்பா."

"தெரியும் உனக்குத் தெரியாதுன்னு. தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பியா?"

யோசித்தேன். "மாட்டேன்."

"அதான் சொல்றேன்" என்று சொல்லி, என் தட்டிலிருந்து ஒரு துண்டு மீன் எடுத்தார்.

பேன்ட்ரியில் பாட்டில் திறக்க ஒரு ஆள் வேண்டும். முன்னாலேயே திறந்து காட்டியவன் என்று அதை எனக்குக் கொடுத்தார்கள்; மற்ற ஏழு பேரும் அந்த ஒப்பந்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள். கறுப்புக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பதவியின் பெயர், நான் பெட்டி தூக்கியபோது இருந்த அதே பெயர். செய்ய வேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்: தகட்டை வெட்டு, கார்க்கை எடு, விளிம்பைத் துடை, தட்டில் வை. ஒரு பாட்டிலுக்கு அரை நிமிடம். முகர்வது அதில் இல்லை.

நான் முகர்ந்தேன். வெயிட்டர்கள் வரிசையில் நின்று கத்தினார்கள். அருளப்பன் வந்து சொன்னார்: "அண்ணே, கதவுக்குப் பின்னால நீ மோந்தா இன்னா, மோக்காட்டி இன்னா, யார் பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்கலன்றதாலதான் மோக்கணும்" என்றேன். மேசையில் திறக்கும்போது விருந்தாளி பாட்டிலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கார்க்கைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். இப்போது அவருக்கு எதுவும் தெரியாது. யாரோ ஒருவர் உள்ளே பார்த்திருப்பார் என்று நம்பிக் குடிக்கிறார். அந்த யாரோ நான்தான்.

கெட்ட பாட்டில்களின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு பெட்டியில் ஒதுக்கினேன். வரிசை நீளும்போது கையை வேகப்படுத்தினேன், மூக்கை விடவில்லை. ஒப்பந்தத்தின் கடைசி நாளில் மதிப்பீட்டுத் தாள் வந்தது. வேகம் போதாது என்று எழுதியிருந்தது. கீழே, ஊழியர் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுவதற்கு நான்கு வரி இடம். யாரும் அதில் எழுதமாட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் பேனாவைக் கேட்டேன்.

"குடு, இங்கிலீஷ்ல நான் எழுதித் தரேன்" என்றார் அருளப்பன்.

"வேணாம், எனக்குத் தெரிஞ்சது போதும்."

"இன்னா எழுதப் போற?"

"எல்லாப் பாட்டிலையும் மோந்து பாத்தேன், இனிமேலும் பாப்பேன்னு."

"இத எழுதினா திரும்பக் கூப்புட மாட்டான்."

"கூப்புட்டா இதுக்குத்தான் கூப்புடணும்."

பெரிய எழுத்தில், மெதுவாக, இரண்டு வரி எழுதினேன். அருளப்பன் படித்துப் பார்த்தார். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடும் இடத்தில், என் வரிகளுக்கு நேர் கீழே, தன் கையெழுத்தைப் போட்டார்.

மடுகரைக்கு வந்து காத்திருந்தேன். வழக்கமாக ஆறு வாரத்தில் வரும் கடிதம் பதினொரு வாரமாகியும் வரவில்லை. சரோஜா, "போதும், இங்கயே இருங்க, வெத வாங்கணும்" என்றாள். நான் தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெட்டப்பாக்கம் வரை போய் வந்தேன், வேறு வேலை இல்லாததால். பன்னிரண்டாவது வாரம் செய்தி வந்தது. அதே கப்பல், அதே பேன்ட்ரி, பாட்டில் திறக்கும் வேலை. என் இரண்டு வரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

போனேன். சுவரில் அதே அட்டை இருந்தது. அதில் ஒன்றும் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கச் சொல்லவில்லை. மூன்று ஒப்பந்தம் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நான் முகராமல் ஒரு பாட்டிலும் வெளியே போகவில்லை.